ஷாம்பு காரு

தன் முகத்தைவிடத் தன் காரின் பெயிண்டை அதிகமாக நேசித்த மனிதர் இந்தத் திருப்பதியில் ஒருவர்தான். அவருக்கு ஒழுங்காகச் சவரம் செய்யவே வராது. மோவாயில் எப்போதும் ஒரு வெட்டு, அதன்மேல் ஒட்டிய பேப்பர் துண்டு. ஆனால் அவருடைய கருப்புக் காரை வெயிலில் நிறுத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாலும் ஒரு கோடு கிடையாது.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் அபார்ட்மென்டில் யாருக்கும் அது தெரியாது. தெலுங்குக்காரர்கள் மரியாதையாக 'ஷாம்பு காரு' என்றார்கள். தெலுங்கில் பெயருக்குப் பின்னால் 'காரு' போட்டால் நம் 'அவர்கள்' மாதிரி. தமிழ் பேசுகிற நாங்கள் அதை நிஜக் கார் என்றே எடுத்துக்கொண்டோம். இரண்டுமே அவருக்குப் பொருந்தின.

சொந்த ஊர் பாகாலா. பஸ் டிப்போ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தென்னந்துடைப்பத்தால் பஸ்களைப் பரபரவென்று தேய்த்துக் கழுவுவதைக் காலமெல்லாம் ஜன்னல் வழியே பார்த்து மனசு புண்ணாகிப் போனவர். ரிட்டையர் ஆனதும் கார் வாங்கினார். ஏன் கருப்பு என்று கேட்டேன்.

"கருப்புலதாம்பா கீறல் பளிச்சுனு தெரியும். தெரிஞ்சாத்தான் மனுசனுக்கு பயம் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கார் கழுவுவதைக் கல்யாணம் என்றுதான் சொல்ல வேண்டும். நிழல் வந்த பிறகுதான் ஆரம்பம். முதலில் வெறும் தண்ணீர். மண்ணெல்லாம் தானாக ஊறி இறங்கும்வரை கை படக்கூடாது. பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு நுரை, இன்னொன்றில் நல்ல தண்ணீர். கையில் மாட்டிய பஞ்சு உறையை நுரையில் முக்கி ஒரு இழுப்பு, உடனே நல்ல தண்ணீரில் அலசல், மறுபடி நுரை. மேலிருந்து கீழே, நேர்கோட்டில். வட்டம் போட்டுத் தேய்க்கிறவர்களை அவர் மனிதராகவே மதிக்கமாட்டார். சக்கரத்துக்குத் தனித் துணி. கடைசியில் துண்டை விரித்து, குழந்தைக்கு ஒற்றுவதுபோல் ஒற்றி எடுப்பார்.

இது வரைக்கும் பரவாயில்லை. பிரச்சினை அவர் உடுப்பு. மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாம் கீறும் என்று கழற்றிவிடுவார். சட்டைப் பித்தானும் கீறும். எனவே சட்டையும் கிடையாது. லுங்கி முடிச்சுகூட உரசும் என்று முடிச்சை முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வார். அபார்ட்மென்ட் சங்கத்தில் புகார் வந்தது. "லேடீஸ் போற வர்ற இடம், மேல ஏதாவது போட்டுக்கங்க சார்" என்றார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் கீழே வந்தபோது, மனைவி சரோஜாம்மாவின் பூப்போட்ட நைட்டியைப் போட்டிருந்தார். "காட்டன் பாபூ. பித்தானே இல்ல. இத்தன நாளு எனக்குத் தோணவே இல்ல பாரு!" சங்கம் புகாரை வாபஸ் வாங்கியது. அவர் நைட்டியை வாபஸ் வாங்கவில்லை.

அவரோடு வெளியே போவதைப் போல அவமானம் வேறில்லை. ஒருமுறை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அலிபிரி ரோட்டில் வேலூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் காரோரம் நின்றுகொண்டு போனில், "காராண்டதான் கீறேன். நீ வர்ற வரைக்கும் கீறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் 'கீறேன்' என்றால் 'இருக்கிறேன்'. ஷாம்பு காருவுக்கும் இது நன்றாகவே தெரியும். ஆனால் காருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லே ஆகாது என்பது அவர் கட்சி. ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்து கிட்டத்தட்ட குதித்துவிட்டார். "எத்தன நேரம்யா கீறுவ? வேற வார்த்தையே கிடைக்கலையா?"

டிரைவர் என்னைப் பார்த்து, "இன்னா சார், உங்க நைனாவா?" என்றார். நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவரைத்தான் என் தங்கச்சி சுகன்யாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெரியவராக உட்காரும்படி அம்மா கூப்பிட்டாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் போன பிறகு, சபையில் பேச வயசான ஆண்பிள்ளை எங்களுக்கு யாருமில்லை. "அவரு கார் கிட்டதாண்டா பைத்தியம். மனுசங்க கிட்ட தங்கம்" என்பது அம்மாவின் கணக்கு.

மாப்பிள்ளை வீடு குடிபாலா. மாப்பிள்ளை தினேஷ், அவர் அப்பா, அத்தை, மூன்று பேரும் புத்தம்புதுக் கருநீலக் காரில் வந்தார்கள். பூஜை போட்ட குங்குமம்கூட இன்னும் பானட்டில் இருந்தது. பாகாலா வழியில் ரோடு தோண்டிப் போட்டிருந்ததால் கதவு உயரத்துக்குச் செம்மண் அப்பியிருந்தது. வரவேற்று மேலே அழைத்துப் போனேன். பஜ்ஜி, கேசரி எல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கேசரியைத் துன்னுகினே கேட்டார்.

"பெரியவர் ஒருத்தரு கீறாருன்னு சொன்னீங்களேம்மா?"

"வந்துகினே கீறாருங்க" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துக் கண்ணால் 'எங்கடா?' என்றாள்.

அவர் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு புறப்பட்டது உண்மை. நல்ல காரியத்துக்குப் போகிறாரே என்று சரோஜாம்மா ராசிக்கல் மோதிரத்தையும் விரலில் மாட்டி அனுப்பியிருந்தாள். படி ஏறுவதற்கு முன்னால் பார்க்கிங்கில் அந்தக் காரைப் பார்த்துவிட்டார். செம்மண் காய்ந்துகொண்டிருந்தது. யாராவது காய்ந்த மண்ணோடு துடைத்துவிட்டால்? அவரால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் வேட்டி சட்டைக்கு மேலேயே நைட்டியை மாட்டிக்கொண்டு பக்கெட்டுகளோடு திரும்பிவிட்டார்.

மேலே, காற்று வாங்க பால்கனிக்குப் போன அத்தை குரல் கொடுத்தாள். "தே, நம்ம காரை யாரோ ஒரு பொம்பள கழுவிகினு கீறாளே!"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பூப்போட்ட முதுகு குனிந்திருந்தது.

"வாட்ச்மேன் சம்சாரங்க" என்றேன்.

"நல்ல வாட்டசாட்டமா கீறா" என்றாள் அத்தை. அந்த நிமிஷம் வாட்ச்மேன் சம்சாரம் நிமிர்ந்து, மீசையைத் துடைத்துக்கொண்டது.

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் பால்கனித் தரையில் ஏதாவது ஓட்டை இருந்தால் இறங்கிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே மேலே வந்தார். நைட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு கையையும் கூப்பியிருந்தார். மோதிர விரல் மட்டும் குற்றவாளியைத் தனியாக நிறுத்தியதுபோல் விலகி நின்றது.

"மன்னிச்சுக்கங்க. வாட்சக் கழட்டுனேன். இதக் கழட்ட மறந்துட்டேன். உங்க பானட்டுல கீறிட்டேன்."

"யாருய்யா நீ?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ஷாம்பு காரு தலையைக் குனிந்துகொண்டார். "நான்தாங்க பொண்ணு வீட்டுப் பெரியவரு."

எல்லோரும் கீழே ஓடினோம். கார் கண்ணாடி மாதிரி இருந்தது. கீறலைத்தான் காணவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தேடினார், அத்தை தேடினாள், நான் கடவுளை வேண்டிக்கொண்டே தேடினேன்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இதோடு விட்டிருக்கலாம். ஷாம்பு காரு விடுவாரா? "அப்படிப் பாத்தா தெரியாதுங்க. குனிஞ்சு, தலையச் சாய்ச்சு, வெளிச்சம் இந்தப் பக்கமா அடிக்கணும்" என்று தன் குற்றத்தைக் கண்டுபிடிக்கத் தானே வழி சொன்னார். மாப்பிள்ளை போன் டார்ச்சை அடித்தார். எதிர்ப்பக்கம் இன்னொரு டார்ச் அடித்தது. பட்டுப்புடவையோடு சுகன்யா யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து, பானட்டின் அந்தப் பக்கம் குனிந்திருந்தாள். இரண்டு வெளிச்சமும் சேர்ந்த இடத்தில், முடி மாதிரி, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு.

"புது வண்டி. பொண்ணு பாக்க வந்த நேரத்துல கீறல்" என்றாள் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள். அது போதும்.

மாப்பிள்ளையின் அப்பா கார் கதவைத் திறந்தார். "ஊருக்குப் போயி தகவல் சொல்லுறோம்மா." இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாத பெண் வீடு உண்டா?

அம்மா அன்று அழுத அழுகை. அழுது முடித்து, ஷாம்பு காரு வீட்டு வாசலில் போய் நின்று, "எம் பொண்ணு வாழ்க்கைய விட உங்களுக்கு அந்தத் தகரம் பெருசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

சுகன்யா மட்டும் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மிரட்டிக் கேட்டதில் சொன்னாள். டார்ச் அடிக்கும்போது தினேஷ் மெதுவாகச் சொன்னாராம்: "இதுக்குப் போயி அழுவுறாரே. பின்னாடி பம்பர்ல நான் இடிச்சது இதவிடப் பெருசு. நைனாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க."

"பாத்த முதல் நாளே ரகசியத்த நம்பிச் சொல்லுறாருண்ணா. எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

அங்கே குடிபாலாவில் தினேஷும் அதையே சொல்லியிருக்கிறார். கட்டினால் இந்தப் பெண்தான் என்று பிடிவாதமாக நின்று, பம்பர் விஷயத்தையும் தானே ஒத்துக்கொண்டாராம். வண்டிக்கு முதல் கீறல் போட்டது தன் மகன்தான் என்று தெரிந்த பிறகு, அவர் அப்பாவால் சகுனம் பேச முடியவில்லை. வடமாலபேட்டை மண்டபத்தில் கல்யாணம் நடந்தது.

ஷாம்பு காரு வரவில்லை. பத்திரிகை வைக்கப் போன சுகன்யாவிடம் கதவுக்குப் பின்னாலிருந்து, "நல்லா இரும்மா. என் கை படாத இடத்துல நல்லா இரு" என்றார். சரோஜாம்மா மட்டும் தனியாக வந்து தாம்பூலம் வாங்கிப் போனாள்.

கருப்புக் கார் பார்க்கிங்கில் தூசி படிந்து சாம்பல் காராகிவிட்டது. பக்கெட் இரண்டையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாராம். யாரோ தூசியில் விரலால் 'கழுவு' என்று தெலுங்கில் எழுதியிருந்தார்கள். தூசியில் விரல் வைத்தால் பெயிண்டுக்கு என்ன ஆகும் என்று அவரிடம் எத்தனை தடவை பாடம் கேட்டிருக்கிறோம்! அதைப் பார்த்தும் அவர் பேசாமல் காய்கறிப் பையோடு மாடி ஏறினார். அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றாள். எனக்கும் கூச்சமாக இருந்தது. உலகத்துக்கே கேட்கும்படி தன் தப்பைச் சொன்ன மனிதரை நான் வாட்ச்மேன் சம்சாரம் என்று சொல்லியிருந்தேன்.

மறுவீட்டுக்கு சுகன்யா வந்தபோது மாமனாரும் கூடவே வந்தார். மறுபடி அதே வழி, அதே செம்மண். சுகன்யா அவரிடம் காதோரம் ஏதோ சொன்னாள். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்தார். ஷாம்பு காருவின் ஜன்னலுக்கு நேர் கீழே காரை நிறுத்தச் சொல்லி, காய்ந்த மண்மேல் வட்ட வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜன்னல் திரை அசைந்தது. அப்புறம் நின்றது. அவர் உட்கார்ந்தார், எழுந்தார், காதைக் கையால் பொத்திக்கொண்டார் என்று சரோஜாம்மா பிறகு சொன்னாள். மாமனார் இன்னும் வேகமாகத் துடைத்தார்.

"வத்து பாபூ, வத்து! வேணாம், கைய எடுய்யா!"

அபார்ட்மென்டே அதிர்ந்தது. படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கிட்டே வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மாமனாரின் துண்டு காரைத் தொடவே இல்லை. ஒரு சாண் உயரத்தில் வெறும் காற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"எங்க மருமவதான் இப்படிச் செய்யச் சொல்லிச்சு" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டே. "கை வலிக்குது பெரியவரே. வந்து கழுவிக் குடுங்க."

ஷாம்பு காரு தன் இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களில் மோதிரம் எதுவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பக்கெட்டு இல்லையே" என்றார் மெதுவாக. வாட்ச்மேன் வீட்டுக்கு ஓடியது நான்தான். திரும்பி வருவதற்குள் அம்மா அவருக்குக் காபி கொண்டு வந்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. காபி மட்டும் காலியானது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே தண்ணீர் விழுகிற சத்தமும், அதற்கு மேலே யாரையோ அவர் திட்டுகிற சத்தமும் கேட்டால், நான் போர்வையை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாகத் தூங்குகிறேன்.