மணி அடித்து ஆறு நிமிடம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். எனக்கு மட்டும் புதிதாக ஒரு முழங்கால் வலி வந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு பெஞ்சு, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமா என்று கேட்பது முறை. நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். ஒரு நடுநிலைப் பள்ளியை ஒரே கையெழுத்தில் இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறவருக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. மாப்பிள்ளையிடம் மாமனார் குரலை உயர்த்தக் கூடாது என்று உங்கள் அத்தை இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனாள். நான் எங்கே குரலை உயர்த்தினேன், எழுதத்தானே செய்கிறேன்.

என் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே ஒரே மதில்சுவர் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று சுவரைத் தாண்டி வந்த பந்து உங்கள் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். போன திங்கட்கிழமை அந்தப் பள்ளி வாசலில் உங்கள் கல்வி அலுவலகத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தர மதிப்பீட்டில் நூற்றுக்கு முப்பத்தொன்பதரை. நாற்பதுக்குக் கீழே வாங்கிய பள்ளிகள் மூடப்படும், பிள்ளைகள் லாரிச் சாலைக்கு அப்பால் இருக்கும் பெரிய பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். காரணத்தையும் கீழே போட்டிருந்தீர்கள். படிவத்தின்படி பள்ளிக்கு அறுபத்தொன்று. பொதுமக்கள் புகார் நாற்பத்து மூன்று, ஒரு புகாருக்கு அரை மதிப்பெண் கழிவு. கையெழுத்து உங்களுடையது. அழகாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினோரு வருடமாக அந்தப் பள்ளியைத் திட்டிவருகிறவன் நான். வாய்ப்பாட்டுக் கூச்சலுக்கு எழுதினேன், டஸ்டரை என் சுவரில் அடித்துத் தூசி கிளப்பியதற்கு எழுதினேன், மாலை மணி அடித்த பிறகும் பிள்ளைகள் வெளியே வராமல் உள்ளேயே கிடந்து, நான் நடக்கக் கிளம்பும் நேரம் பார்த்துத் தெருவை அடைப்பதற்குத் தேதியும் நேரமும் போட்டு அட்டவணையோடு எழுதினேன். ஆலையின் டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் வருகிறவன் போகிறவன் நேரத்தைக் குறித்த கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா. ஆனால் நான் எழுதியது பள்ளி திருந்துவதற்காக. மூடுவதற்காக எழுதியவன் எவன் என்று கேட்டே தீருவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போனேன். அந்த அம்மாள் ஒரு ஃபைலை என் பக்கம் தள்ளினார். முதல் தாள் என் கையெழுத்து. இரண்டாவதும் என்னுடையது. புரட்டப் புரட்ட நானே வந்தேன். நாற்பத்தொன்று வரை நான்தான், வரிசை எண் போட்டு, ஓரம் விட்டு, நகல் இணைத்து. நாற்பத்திரண்டாவது, கம்பியில் பந்து மாட்டிக்கொண்டது பற்றி மின்சார ஊழியர் எழுதியது.

நாற்பத்து மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அது பள்ளியின் மேல் வந்த புகாரே இல்லை. பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் என் மேல் கொடுத்த புகார். சுவர் தாண்டி வரும் பந்துகளைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் திருப்பித் தருவதில்லை, இதுவரை பதினேழு பந்துகள் அவரிடம் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். பள்ளியின் பெயர் எந்தத் தாளில் இருந்தாலும் அதைப் பள்ளியின் தலையிலேயே கட்டிவிடுவது உங்கள் அலுவலகத்தின் பழக்கம் போலிருக்கிறது. அது கிடக்கட்டும். அந்தப் புகார் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பச்சைப் பொய். முப்பத்து நான்கு வருட வேலையில் என் மேல் ஒரு புகார் கிடையாது. என் வீட்டில் பந்து எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பரண் மேல் மட்டும் ஏற வேண்டாம், ஏணி சரியில்லை.

மறுநாளே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். நீங்கள் வெளியூர் ஆய்வுக்குப் போயிருந்தீர்கள். என் நாற்பத்தொரு புகார்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று உங்கள் எழுத்தரிடம் சொன்னேன். அவர் தலை நிமிராமலேயே, “முத்திரை விழுந்தது விழுந்ததுதான் சார். வேணாம்னு நாப்பத்தொரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா உங்களது மட்டும் எண்பத்திரண்டா ஏறும், பரவாயில்லையா?” என்று கேட்டார். வந்த வழியே திரும்பினேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பாமல் உங்கள் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து இதை அங்கே கொண்டுபோய் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் போட்ட மதிப்பெண் சரியா என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, நோட்டும் கைக்கடிகாரமுமாக மறுபடி பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை விரட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, “பதினோரு வருஷமா அந்தப் பக்கத்துலேருந்தே பாத்துட்டீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காந்தும் பாருங்க” என்று சொல்லி ஏழாம் வகுப்புக் கடைசிப் பெஞ்சில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். பன்னிரண்டு வயதுக்குச் செய்த பெஞ்சில் அறுபத்தேழு வயது உள்ளே போனது, வெளியே வரவில்லை. முழங்கால் மேசைக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்து, பந்துத் தாத்தா வந்திருக்கிறார் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்கள். எதற்காக எனக்கு அப்படி ஒரு பெயர் என்று விளங்கவில்லை. கணக்கு ஆசிரியர் ஒல்லியான மனிதர், நடக்க மாட்டார், ஓடுவார், அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ராக்கெட். அவர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். பார்த்தால் எனக்குத் தெரிந்த கணக்காக இருக்கிறது. என் பதினான்காம் எண் புகாரில் நான் இணைத்திருந்த அட்டவணை, மாலை மணி அடித்து எத்தனை நிமிடம் கழித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள் என்று பத்து நாட்களுக்கு நான் குறித்தது. வந்த தாள் வீணாகப் போக வேண்டாம் என்று என் புகார்களையெல்லாம் சராசரிப் பாடத்துக்கு வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரம்மாவின் மகள் எழுந்துபோய்க் கூட்டினாள். சராசரி ஏழு நிமிடம் என்று என் புகாரில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அவள் ஆறு என்று எழுதினாள். நான் பெஞ்சில் சிக்கியபடியே, பாப்பா, சரியாகப் பார், ஏழு என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “எழுபது இல்ல தாத்தா, அறுபதுதான் வருது. கூட்டும்போது மிச்சம் ஒண்ண ரெண்டு தடவ ஏத்திட்டீங்க” என்றாள். விரல் விட்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அறுபதுதான். மாப்பிள்ளை, ஆயிரம் பேருக்கு நேரம் குறித்தவன் நான். அந்தக் குழந்தையோ அதோடு விடவில்லை. “மணி அடிச்சும் நாங்க ஏன் வெளிய வரலன்னு நீங்க எழுதவே இல்லையே?” என்று கேட்டாள். வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்போது மாலை மணி அடித்தது. நான் பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு பத்து. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. ராக்கெட் அடுத்த கணக்கைப் போட்டுவிட்டிருந்தார். பள்ளி நடப்பது வருடத்தில் இருநூறு நாள், நாளைக்கு இந்த ஆறு நிமிடம், நாற்பது நிமிடம் ஒரு பாடவேளை என்றால் மொத்தம் எத்தனை பாடவேளை. குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போட்டேன். முப்பது வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மணி நான்கு பதினாறு. என்னாலும் எழுந்திருக்க முடியவில்லை. அதற்குப் பெஞ்சும் ஒரு காரணம். ராக்கெட்டும் இரண்டு பையன்களும் சேர்ந்துதான் என்னை வெளியே இழுத்தார்கள். முழங்கால் வலி இப்படி வந்ததுதான்.

இப்போது கேளுங்கள். எங்கள் ஆலையில் பதினெட்டுப் பிரிவுகள். சங்கு ஊதக் கால் மணி இருக்கும்போதே பதினேழு பிரிவு ஆட்களும் கை கழுவி, தலை சீவி, வாசலில் வந்து நிற்பார்கள். இயந்திரம் பழுது பார்க்கும் பிரிவு மட்டும் சங்கு ஊதிய பிறகும் வராது. கழற்றிப் போட்டதில் என்ன கோளாறு என்று தெரியாமல் அவர்களுக்கு வீட்டுக்குப் போக மனசு வராது. ஒரு பிரிவு நல்ல பிரிவா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சங்கு ஊதிய பிறகு பார்த்தால் போதும். இவ்வளவு தெரிந்தவன் பதினோரு வருடம் என் சுவருக்குப் பக்கத்திலேயே நடந்ததைப் புகார் புகாராக எழுதித் தள்ளியிருக்கிறேன். உங்கள் படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு கேள்வி. குப்பைத் தொட்டி எத்தனை என்று இருக்கிறது, அறிவிப்புப் பலகைக்குக் கண்ணாடி உண்டா என்று இருக்கிறது, மணி அடித்த பிறகு பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போக மனசு வருகிறதா என்று எங்கேயும் இல்லை. உங்கள் பெரிய பள்ளிக்கு எண்பத்தெட்டு கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கேயும் போய் வாசலில் கடிகாரத்தோடு நின்றேன். மணி மூன்றரைக்கு. மூன்று இருபத்தெட்டுக்கே பையும் முதுகுமாக வாசல் நிரம்பிவிட்டது. அங்கிருந்த காவல்காரர் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துப் பேர் விலாசம் கேட்டார். அவர் வேலைக்கு வந்த நேரத்தை நான் திருப்பிக் கேட்டேன், உடனே அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

குறையே இல்லாத பள்ளி என்று நான் சொல்லவில்லை. நான்கு கழிப்பறையில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆறாம் வகுப்பு மூலையில் கூரை ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறார்கள். உங்கள் படிவத்துக்கு நானாக இருந்தால் அறுபத்தொன்று போட்டிருக்க மாட்டேன், ஐம்பத்தெட்டுதான் போட்டிருப்பேன். யாருக்கும் இரக்கப்பட்டு மதிப்பெண் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்துக்கு இருபது போட்டிருப்பேன்.

இஸ்திரிக் கடைக்காரம்மாவிடம் சட்டை வாங்கப் போனபோது, பள்ளியை மூடினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். துணி தேய்ப்பதை நிறுத்தாமலேயே, “அந்த லாரி ரோட்ட ஒத்தையில தாண்டச் சொல்லி எம் பொண்ண அனுப்ப மாட்டேன் சார். ஏழோட நிறுத்திட வேண்டியதுதான்” என்றாள். என் கூட்டலில் பிழை கண்டுபிடித்த குழந்தை ஏழாம் வகுப்போடு நிற்கப் போகிறது, அதற்குக் காரணம் நான் எழுதிய நாற்பத்தொரு தாள். நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை உங்கள் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகவே நான் உங்களிடம் கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்த நாற்பத்து மூன்றாவது தாள் பள்ளியின் மேல் வந்ததில்லை, அதை ஃபைலிலிருந்து எடுங்கள். அரை மதிப்பெண் திரும்பினால் முப்பத்தொன்பதரை நாற்பது ஆகும். அதை எடுக்க முடியாது என்றால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் கட்டியிருப்பது அந்தப் பள்ளியில் படித்த பெண்ணைத்தான். போன மாதம் மேலிடத்துக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கையை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவள் யார் என்று எனக்குத் தெரியும், தொலைபேசியில் அவளே சொன்னாள். பள்ளிக்குத் தகுதி இல்லையென்றால் அந்த அறிக்கைக்கு எங்கிருந்து வந்தது தகுதி? பெயர்ப் பலகையைக் கழற்ற ஆள் அனுப்பினீர்களானால் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த நேரம், கழற்ற ஆரம்பித்த நேரம், வெற்றிலை போட எழுந்த நேரம் எல்லாவற்றையும் எழுதுவேன். பக்கத்தில் ஒருவன் நேரம் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கும் கை ஓடாது. இது என் முப்பத்து நான்கு வருட அனுபவம்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்கு மட்டும் இப்போதைக்குப் பாதி, மீதியை நாற்பது வந்ததும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு புகாரும் இல்லாமல் ஓய்வு பெற்ற,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டு என் மகளுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். உங்கள் அலுவலக விதியை என் மகள் விளக்கினாளாம். இடம் மாறி விழுந்த தாளைச் சும்மா எடுக்க முடியாதாம், உரியவர் பெயருக்கு மாற்றத்தான் முடியுமாம். நான் அது பொய் என்று எழுதினால் பள்ளிக்கும் எனக்கும் தகராறு என்று ஆகி, அந்தத் தாள் பள்ளி ஃபைலிலேயே கிடக்குமாம். அது என் மேல் வந்த புகார்தான், உண்மைதான் என்று நானே கையெழுத்துப் போட்டால் மட்டும் வெளியே வருமாம். இதைச் சொல்லிவிட்டு உங்கள் அத்தை, “பரண் மேல நான் ஏறட்டுமா, நீங்களே ஏறுறீங்களா?” என்று கேட்டாள். ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட தாளை இதோடு இணைத்திருக்கிறேன், இதை மட்டும் அலுவலகத்தில் கொடுங்கள். கடிதத்தின் முடிவில் ‘ஒரு புகாரும் இல்லாமல்’ என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். விளையாட்டு ஆசிரியரின் எண்ணிக்கையும் தவறு, அதையும் தாளில் திருத்தியிருக்கிறேன். பதினேழு இல்லை, இருபத்து மூன்று. நாளை மாலை மூட்டையோடு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். மணி நான்கு பத்துக்கு அடிக்கும். வாசலில் ஆறு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும்.