கம்பெனி பஸ்ஸில் பங்காளி

கர்நாடகத்தில் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், ஒரு பையனுக்கு உத்தியோகம் இருக்கிறது என்பதற்கு நியமன உத்தரவெல்லாம் அத்தாட்சி ஆகாது. உத்தரவை எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறி ஜன்னலோரம் உட்காருவதைப் பெண்ணைப் பெற்றவர் கண்ணால் பார்க்க வேண்டும். பஸ்ஸை யாராலும் போலியாகத் தயாரிக்க முடியாது என்பதே இந்த நடைமுறையின் உயர்ந்த தத்துவம்.

ஹனூர் காளியப்பன் தன் மகள் சௌம்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இரண்டே கேள்விகள் வைத்திருந்தார். பையன் என்ன கூட்டம்? எந்த பஸ்? கூட்டம் என்பது வம்சம். ஒரே கூட்டமென்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. பேச்சு அதோடு முடிந்தது. கொள்ளேகால் சந்துரு வேறு கூட்டம் என்பதால் முதல் கேள்வியில் தேறிவிட்டான். இரண்டாவது கேள்விக்கு அவன் அம்மா ராமக்காள் முந்திக்கொண்டு, "ஹெப்பாள் பஸ்ஸுங்க, தெனமும் போறான்" என்று சொல்லிவிட்டாள். சந்துரு பி.காம். முடித்து, மைசூர் மண்டி மொஹல்லாவில் அறையெடுத்து, தினமும் அந்த பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும்தான் உண்மை.

பெரியவர்கள் அனுமதியோடு சந்துருவும் சௌம்யாவும் போனில் செய்தி அனுப்பிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அவள் எழுதுவதைப் படித்துப் படித்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டான். தை பிறப்பதற்குள் நேரில் வந்து பார்ப்பேன் என்று காளியப்பன் சொல்லியிருந்தார். ஆகவே அதற்குள் அவனுக்கு ஒரு பஸ் தேவைப்பட்டது.

ஹெப்பாளில் ஊதுவத்தி செய்து உலகத்தையே மணக்க வைக்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அங்கே கிடங்கில் பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்ற ஆள் தேவை என்றார்கள். சந்துரு விண்ணப்பம் எழுதினான்: "பி.காம். படித்திருக்கிறேன். பெட்டி தூக்குவேன். கணக்கு தப்பாது. வேலை கொடுங்கள்." அனுப்பிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது: "தங்கள் விண்ணப்பத்தில் மனித உணர்வு போதவில்லை. வருந்துகிறோம்."

நேரே போய் மனிதவள அதிகாரி ஸ்ரீஹர்ஷாவைப் பிடித்தான். மேல்கோட்டைப் பூர்வீகம், வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், கோபத்தில் இங்கிலீஷ்.

"இதை யார் எழுதினா?"

"நானேதானுங்க சார்."

"அய்யோ தேவ்ரே! சும்மனே கெடுத்துண்டியே. இங்கே படிக்கறது மெஷின். மனுஷா எழுதினா அதுக்கு எப்படிப்பா புரியும்? எல்லாரும் போன்ல மித்ராகிட்டச் சொல்லி எழுதி வாங்கறா. நீயும் வாங்கு."

"அப்ப மனித உணர்வுங்க?"

"அதையும் மித்ராவே போட்டுடும்."

மித்ரா என்பது கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் மென்பொருள். சந்துருவுக்கு அது புதிதல்ல. சௌம்யாவுக்குப் போகும் செய்திகளை எழுதிக்கொண்டிருந்ததே அதுதான். இப்போது தன் வாழ்க்கை வரலாற்றை அதனிடம் ஒப்பித்தான். அப்பாவோடு சந்தைக்குத் தக்காளிக் கூடை சுமந்தது 'அழுகும் சரக்குப் போக்குவரத்தில் தலைமைப் பொறுப்பு' ஆயிற்று. அறுத்துக்கொண்டு ஓடிய எருமையைப் பிடித்து வந்தது 'நெருக்கடி மேலாண்மை'. சும்மா இருந்த காலம் 'திட்டமிட்ட சுயபரிசீலனைக் காலம்'. படித்து முடித்தபோது சந்துருவுக்கு அந்த ஆள்மேல் பொறாமையே வந்துவிட்டது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அங்கும் கேள்வி கேட்பது கம்ப்யூட்டர்தான். சந்துரு வாயைத் திறந்தான்.

"உஷ்! நடுவுல நீ பேசாதே, அதுக்குக் கன்ஃப்யூஸ் ஆயிடும்," என்றார் ஸ்ரீஹர்ஷா.

போனைக் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் கேண்டீனுக்குப் போய் காபி குடித்தார்கள். திரும்பி வந்தபோது இரண்டும் ஒன்றையொன்று மெச்சிக்கொண்டிருந்தன. "மிக அருமையான கேள்வி," என்றது போன். "அதைவிட ஆழமான பதில்," என்றது கம்ப்யூட்டர்.

நேர்காணலில் தேறியவருக்கே பதவி என்பது நிறுவனத்தின் விதி. தேறியது போன். ஆகவே நியமன உத்தரவும் அடையாள அட்டையும் அதன் பெயருக்கே வழங்கப்பட்டன.

"அப்ப நானுங்க சார்?"

"ஒனக்கும் போட்டிருக்கு, நோடு, இங்கே பார். 'பணியாளரின் உடன்வருநர், தற்காலிகம்'. அதுக்குச் சார்ஜ் போடணும், வெயில்ல வைக்கக்கூடாது. பெட்டி கிட்டி இருந்தா அது எண்ணச் சொல்லும், நீ எண்ணு. தூக்கச் சொல்லும், நீ தூக்கு."

"பஸ்ஸு உண்டுங்களா?"

"உண்டு, உண்டு."

சந்துரு உடனே கையெழுத்துப் போட்டான்.

மார்கழிக் காலை ஒன்றில் காளியப்பன் மண்டி மொஹல்லா முனையில் வந்து நின்றார். பஸ் வந்தது. சந்துரு ஏறினான். ஜன்னலோர இருக்கையில் போனை உட்கார வைத்து, அதன் கழுத்தில், அதாவது கழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தில், அட்டையைச் சரி செய்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் முழுக்க அப்படித்தான். இருக்கைதோறும் ஒரு போன், பக்கத்தில் ஒரு மனிதர். முன்வரிசையில் நேர்காணல் கம்ப்யூட்டர் வீற்றிருந்தது. ஆள் எடுப்பதில் அது காட்டிய திறமையை மெச்சி அதையே மனிதவள அதிகாரியாக்கிவிட்டார்கள். அதன் உடன்வருநராக ஸ்ரீஹர்ஷா நின்றுகொண்டிருந்தார்.

காளியப்பன் ஜன்னல் பக்கம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க உக்காரலீங்களா?"

"சீட்டு வேலையில இருக்கறவங்களுக்குத்தானுங்க."

"அப்ப வேலை ஆருக்கு?"

சந்துரு போனைக் காட்டினான்.

வேறு யாராக இருந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருப்பார்கள். காளியப்பன் நியாயஸ்தர். யோசித்துப் பார்த்தார். பர்மனென்ட் வேலை. ஜன்னலோர சீட்டு. குடிப்பழக்கம் கிடையாது. எதிர்த்துப் பேசாது.

"செரி, அது என்ன கூட்டம்?"

"மித்ராங்க."

காளியப்பன் முகம் கறுத்தது. "அட, எங்க சௌம்யா போன்லயும் அதேதானுங்க. உங்களுக்குப் பதில் எழுதறதே அதுதானே!"

"அவங்க எழுதறதில்லீங்களா?"

"அவளுக்கேது நேரம்? ஏன், நீங்க எழுதுனீங்களா?"

சந்துரு மறுபடியும் போனைக் காட்டினான்.

"அப்ப கேட்டதும் மித்ரா, பதில் சொன்னதும் மித்ரா. ஒரே கூட்டம்! பங்காளிக்குள்ள எப்படீங்க கட்டறது? ஊரு காறித் துப்பாது?" காளியப்பன் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுக்கு வேலை போட்டுக் குடுத்தது ஆரு?"

சந்துரு முன்வரிசையைக் காட்டினான்.

"அது என்ன கூட்டம்?"

"அதுவும் மித்ராதான்," என்றார் ஸ்ரீஹர்ஷா, மெல்லிய குரலில்.

"அப்படிச் சொல்லுங்க! பங்காளிக்குப் பங்காளி வேலை போட்டுக் குடுத்திருக்கான். எங்க பெரியப்பன் மிசினு இல்லாமயே இதைப் பண்ணிட்டு இருந்தாரு," என்று சொல்லிவிட்டு ஹனூர் பஸ்ஸைப் பார்க்கப் போனார்.

கம்பெனி பஸ் புறப்பட்டது. சந்துரு சேவை விதிகளை மீறி, பணியிலிருந்தவரை இருக்கையிலிருந்து தூக்கினான். முதல் முறையாகத் தன் கட்டைவிரலாலேயே சௌம்யாவுக்கு எழுதினான்: "இது நான்தான், சந்துரு. பங்காளி இல்லை. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

சௌம்யாவின் போனிலிருந்து உடனே பதில் வந்தது.

"தங்கள் செய்தியில் மனித உணர்வு போதவில்லை. நானே திருத்தி எழுதித் தரட்டுமா?"