கப்பலா, கிற்றாரா?

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் நஸ்ரி அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி சுஹைராவின் கணவன் ஸெய்னுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அனைவரும் சுகம், மகள் ஷிஃபானா ஒருத்தியைத் தவிர. அவளும் உடம்புக்குச் சுகம்தான், என்னோடு கதைப்பதில்லை, அவ்வளவே. மெல்பனில் குளிர் எப்படி? பிள்ளைகள் தமிழ் கதைக்கிறார்களா? இவற்றையெல்லாம் ஆறுதலாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விஷயம் அவசரம். மகளின் கல்யாணம் நிற்கப் போகிறது மச்சான். காரணம் நீங்கள்.

மாப்பிள்ளை இன்பாஸ் தங்கமான பிள்ளை. அவருடைய வாப்பா முனீப் அவரையும் கூட்டிக்கொண்டு மூதூரிலிருந்து நாள் குறிக்க வந்திருந்தார். சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் வந்தபோது பேச்சு எப்படியோ உங்கள் ‘பாறை’ குழு முன்னொரு காலம் சீனக்குடாவில் மூன்று நாள் நடத்திய ரொக் நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. அவரும் வந்தவராம். மூன்று நாளும்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு மாமனார் கிடைப்பார், எனக்கு அந்த மூன்று நாளையும் பார்த்த ஒரு மனிதர் கிடைப்பாரா? நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நாள் குறித்தாகிவிட்டது என்று நினைத்துப் பெண்கள் குரவை போட்டார்கள்.

முதல் நாளை மறக்க முடியுமா? நோட்டீஸ் அடித்தவன் ‘பாறை’யை ‘பாரை’ என்று அடித்துவிட, “இன்று மாலை சீனக்குடாவில் பாரை” என்று வாசித்த சனம் பாதிக்கு மேல் மீன் பையோடு வந்து நின்றது. “கிலோ என்ன விலை?” என்று கத்தியதை உங்கள் பாடகர் ஏதோ பாட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினாரே! முனீபும் மீனுக்கு வந்தவர்தான். “பாரைக்கு வந்தனான், பாட்டுல மாட்டினன்” என்று வெட்கமில்லாமல் சொன்னார். இரண்டாம் நாள் தம்பலகாமத்தில் யானை மறித்து, நீங்கள் வேனை விட்டுவிட்டு வைக்கோல் ஏற்றிய டிரக்டரில் வந்தீர்கள். பாடகர் தலை நிறைய வைக்கோலோடு மேடை ஏறினார். நாங்கள் அதுதான் ஸ்டைல் என்று நினைத்து மறுநாள் எல்லாரும் தலையில் வைக்கோல் செருகிக்கொண்டு போனோம். என்னுடையதை ஒரு மாடு தின்றுவிட்டது.

இனி மூன்றாம் நாள். கடைசிப் பாட்டின் முடிவில் நீங்கள் பேஸ் கிற்றாரில் ஒரு தந்தியை அடித்தீர்களே, அந்தச் சத்தம்! தேத்தண்ணிக் கடையில் கிளாசுகள் தாங்களாகவே நடந்து மேசை ஓரத்துக்கு வந்தன. தங்கத்துரை வாத்தியாருக்குப் பல வருட விக்கல் நின்றுபோனது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முனீப் வட்டிலப்பத்தைக் கீழே வைத்தார்.

“அது கிற்றார் இல்ல, ஸெய்னுதீன். துறைமுகத்துக்குள்ள வந்த கப்பல் ஹோன் அடிச்சது.”

“மீன் வாங்க வந்த உங்களுக்குக் கிற்றாரப் பத்தி என்ன தெரியும்?”

“மீனுக்கு வந்தவன்ட காதுல கலப்படம் இல்ல. உங்கட காதை வைக்கோல் அடைச்சிருக்கும்.”

“எதுவா இருந்தா என்ன வாப்பா, சத்தம்தானே?” என்றார் இன்பாஸ். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி அவரை ஏசினோம். அன்று எங்களுக்குள் மிஞ்சியிருந்த ஒற்றுமை அதுதான்.

கப்பல் என்று நான் ஒத்துக்கொண்டால்தான் நிக்காஹ் என்று முனீப் எழுந்துவிட்டார். உயிர் போனாலும் மாட்டேன் என்றேன் நான். “உங்கட உசிர ஆரு கேட்டது? பிள்ளைட வாழ்க்கையல்லவா போகுது!” என்றாள் சுஹைரா. “எனக்காக ஒரு சொல்லு, வாப்பா. கப்பல் எண்டு சொல்லுங்க” என்று ஷிஃபானா அழுதாள். என் நெஞ்சு வெடித்துவிட்டது மச்சான். வாயைத் திறந்தேன். ‘க’ வரைக்கும் வந்தது, அதற்குப் பிறகு ‘கிற்றார்’ என்றுதான் வந்தது.

ஆகவே, “அந்தச் சத்தத்தை வாசித்தது நான்தான், நஸ்ரி” என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வட்ஸ்அப் வேண்டாம், நான் செய்த போலி என்று முனீப் சொல்லுவார். இத்தனை வருடமும் இதை உங்களிடம் கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா?

உங்கள் விரல்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
மச்சானும் ரசிகனுமாகிய
ஸெய்னுதீன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சுஹைரா முனீபை வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்களுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். நீங்கள் சொன்னதை இரண்டு பேரும் கேட்டோம். மூன்றாம் நாள் வயிற்றால் போய் நீங்கள் மேடைக்கே ஏறவில்லையாம். கிற்றாரைப் பிடித்துக்கொண்டு நின்றது வேன் டிரைவராம். அவருக்கு வாசிக்கத் தெரியாததால் வயரே கொடுக்கவில்லையாம். கக்கூஸ் ஜன்னலால் பார்த்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பலும் இல்லையாம். அது ஜெனரேட்டர் செத்த சத்தமாம்.

நீங்கள் போனை வைத்ததும் முனீப் என் கையைப் பிடித்தார். “இந்த மனிசன் அண்டைக்கு வரவே இல்ல, ஸெய்னுதீன்” என்றார். “ஓம், இவருக்கு ஒண்டும் தெரியாது” என்றேன். நிக்காஹ் அடுத்த மாதம். குடும்பத்தோடு கட்டாயம் வாருங்கள், முன் வரிசைக் கதிரை உங்களுக்குத்தான். ஆனால் நானும் சம்பந்தியும் அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கதைக்கும்போது தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். நாங்கள் நேரில் பார்த்தவர்கள்.