தோணிரேவுக்கு வந்த லிங்க் சித்தர்

ஞாயிற்றுக்கிழமை காலை பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவில் வலை பின்னும் கூடத்தின் முன்னால் நிற்க இடமில்லை. படகு எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை. மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் மீனை மறந்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியில் திமிங்கிலம் ஏதாவது ஒதுங்கிவிட்டதா என்றால், அதைவிடப் பெரியது ஒதுங்கியிருந்தது. சென்னையிலிருந்து ஹேமந்த் வந்திருந்தார்.

ஹேமந்த் சாமானியப்பட்டவர் அல்ல. கூகுளில் யாராவது தேடினால் உங்கள் கடை முதல் இடத்தில் வந்து நிற்கும்படி செய்பவர். அவருடைய அட்டையில் 'லிங்க் பில்டர்' என்று அச்சடித்திருந்தது. ஊர்த் தலைவர் சுப்பராயலுவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய வயது. அவர் அதை 'லிங்க சித்தர்' என்று வாசித்துவிட்டார். ஹேமந்த் திருத்தவில்லை. அடுத்த முறை வந்தபோது காவி டீ சட்டையும் நெற்றியில் பட்டையுமாகக் காரிலிருந்து இறங்கினார். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

விஷயம் இதுதான். ஊரில் ஒருவர் கருவாடு விற்க இணையதளம் ஆரம்பித்தார். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? நாற்பது வீட்டுக்கு நாற்பது தளம் ஆனது. நாற்பதிலும் அதே நெத்திலி, அதே நெத்திலிப் புகைப்படம். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

"உங்க சைட்டுக்கு லிங்க் இல்லை. அதான் அல்காரிதம் கோவமா இருக்கு" என்றார் ஹேமந்த்.

அல்காரிதம் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கோபப்படுகிறது என்றால் அம்மனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

"அதுக்கு கோழி அறுக்கறதா, கெடா வெட்றதா சாமி?" என்று பணிவோடு கேட்டார் சரவணன்.

ஹேமந்த் கண்ணை மூடி யோசித்தார். "நண்டு" என்றார். "உயிர் நண்டு. பெருசா."

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் இரண்டு சாக்கு நண்டு காரின் டிக்கியில் ஏறியது. சென்னையில் அல்காரிதம் அம்மன் மிளகு தூக்கலாகப் போட்டு நைவேத்தியத்தை ஏற்றுக்கொண்டிருப்பாள். நண்டு கொடுத்தவர்களுக்கு 'வெள்ளி' லிங்க் ஐந்நூறு. இன்னும் மேலே போக வேண்டுமானால் 'தங்க' லிங்க் ஐயாயிரம். அதற்கு நண்டு போதாது. ஒரு படகு எஞ்சின் விலை ஆகும்.

பலன் கிடைத்ததா என்று பார்க்கவும் ஏற்பாடு உண்டு. காரின் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒருவரை மட்டும் உள்ளே உட்கார வைப்பார். தன் டேப்லெட்டில் எதையோ தட்டிக் காட்டுவார். "பாத்தீங்களா, நம்பர் ஒன். வெளியில சொல்லாதீங்க. கண்ணு பட்டா ரேங்க் எறங்கிடும்."

போதாதா? ஒரு மாதமாக ஊரே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு அலைந்தது. ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு கள்ளச் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும்போது மட்டும் ஒரு இரக்கம். பாவம், இவன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறானோ என்ற இரக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரிலிருந்து இறங்கிய தருமன் நேராகக் கரைக்குப் போய், தன் படகின் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி காந்தா வாசலில் வாளை மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. ஆரம்பாக்கத்து வியாபாரி நாலு மணிக்கு வரான். குடுத்துட்டு தங்க லிங்க் வாங்கப் போறேன்." தருமன் குரலைத் தாழ்த்தினார். "நாம முதல் எடத்துல கீறோம். யார்கிட்டயும் சொல்லாத."

"முதல் எடத்துல கீறோம்னா ஆர்டர் எங்கய்யா?"

"வெள்ளிக்கு எடம் மட்டும்தான். தங்கத்துக்குதான் ஆர்டர் வரும்."

"எஞ்சின் இல்லாம எப்படி மீனுக்குப் போவ? மீன் இல்லாம நான் எதைக் காய வெக்கிறது?"

"அதெல்லாம் அல்காரிதம் பாத்துக்கும்."

காந்தா மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அந்த எஞ்சின் போனால் குடும்பமே கரையில் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டியதுதான். கூடவே அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்தது. எதிர்வீட்டுச் செவ்வந்தியும் இதே சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டு திரிகிறாள். சுப்பராயலுவும் அப்படியே. காந்தா கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். அங்கே கிடந்த ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்றாள்.

"கூகுள்ல முதல் எடத்துல கீறவங்க எல்லாம் கை தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. கண் பட்டுவிடுமே.

"சும்மா தூக்குங்க. நான் சுத்திப் போடறேன்."

செவ்வந்திக்கு ஒரு மாதமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த விஷயம். அவள்தான் முதலில் தூக்கினாள். அதைப் பார்த்த சரவணன் முறைத்துக்கொண்டே தூக்கினார். சுப்பராயலு தலைவர் என்பதால் இரண்டு கையையும் தூக்கினார். பின்னாலேயே வந்த தருமனும் மூச்சிரைக்கத் தூக்கினார். கஞ்சன் என்று பெயரெடுத்த சடையன் வீட்டைத் தவிர மீதி முப்பத்தொன்பது வீட்டுக் கைகளும் மேலே நின்றன. தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கையும் கீழே இறங்கவில்லை. யார் முதலில் இறக்குவது என்ற மரியாதைப் பிரச்சினை.

"ஏரியில ஒரு பாட்டுல ஒரு நாளைக்கு எத்தினி பேரு வலை கட்றது?" என்று கேட்டாள் காந்தா.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடம். சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். யார் முறையோ அன்றைக்கு அந்த இடம் அவருக்கு மட்டும். அடுத்தவர் வலை ஒரு முழம் உள்ளே வந்தாலும் பஞ்சாயத்து கூடிவிடும். அந்த ஒரு முழத்துக்காகச் சரவணனும் செவ்வந்தி வீட்டுக்காரரும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள்.

"ஒருத்தர்தான்" என்றது கூட்டம்.

"ஏரியில ஒரு முழத்துக்கு அடிச்சிக்கிறீங்க. அவன்கிட்ட ஒரே எடத்தை முப்பத்தொம்போது பேரு வாங்கிட்டு இளிச்சிக்கினு கீறீங்களே."

ஹேமந்துக்கு லேசாக வியர்த்தது. "அது டெக்னிக்கல்ம்மா. அவங்கவங்க ஜாதகப்படி அவங்கவங்களுக்கு முதல் இடம்."

"அப்படியா தம்பி? சரி, உன் டேப்பு வேணாம்." ஐஸ் வண்டி ஓட்டிவந்த தினகரன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் ஆள். காந்தா அவரைக் கூப்பிட்டாள். "அண்ணா, கருவாடு வாங்கறவன் எப்படித் தேடுவானோ அப்படித் தேடுங்க. பழவேற்காடு கருவாடுன்னு போடுங்க."

தினகரன் தன் போனில் போட்டார். விரலால் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். பத்துப் பக்கம் தாண்டியதும் நிமிர்ந்தார். "உங்க ஊர்க்காரங்க ஒருத்தரையும் காணோம்மா."

"கார்ல இவன் இன்னா டைப் பண்ணான்?"

"எங்க கடை பேரைத்தான்" என்றாள் செவ்வந்தி. "தோணிரேவு செவ்வந்தி மண்ணில்லா நெத்திலி கருவாட்டு நிலையம்னு முழுசா போட்டாரு."

"இவ்ளோ நீட்டுப் பேரு உலகத்துல வேற யாருக்குடி இருக்குது? அதைப் போட்டா நீதான வருவ?" காந்தா திரும்பினாள். "அண்ணா, சடையன் பேரையும் போட்டுப் பாருங்க."

சடையனுக்கும் ஒரு தளம் உண்டு. ஆனால் ஒரு லிங்க்கும் வாங்கியதில்லை. பகுத்தறிவினால் அல்ல, அவருக்கு நண்டு கொடுக்க மனசு வராது. தினகரன் 'தோணிரேவு சடையன் ஒரே விலைக் கருவாடு' என்று தட்டினார். சடையன் முதல் இடத்தில், தலை வாராமல், சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணுமே குடுக்கலியே" என்றார் சடையன். பெருமைப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. ஹேமந்த் காரைப் பார்த்தார். காரைச் சுற்றிலும் ஆட்கள்.

"தம்பி, லிங்க்குன்னா இன்னா? அதை மட்டும் சொல்லிடு."

"அதாவது... ஒரு சைட்டு இன்னொரு சைட்டைக் கை காட்றதும்மா. நல்ல சைட்டு நிறைய கை காட்டினா கூகுள் மதிக்கும். அது உண்மைதான்."

"உண்மையா இருக்கட்டும். எங்களைக் கை காட்டினவன் யாரு?"

ஹேமந்த் கொடுத்திருந்த லிங்க் பட்டியலைச் சுப்பராயலு லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மஞ்சள் குங்குமத்தோடு அது வந்து சேர்ந்தது. தினகரன் அதிலிருந்த முதல் முகவரியைத் திறந்தார். ஏதோ குளிர் தேசத்தில் நாய்களுக்கு டோப்பா விற்கும் கடை. ஒரு பொமரேனியன் சுருட்டை முடியோடு உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் பொடி எழுத்தில் 'சுப்பராயலு நெத்திலி கருவாடு'. அடுத்ததைத் திறந்தார். குதிரைக்குப் பல் கட்டும் ஆஸ்பத்திரி. மூன்றாவது சூதாட்டத் தளம். நான்காவதில் மனித எழுத்தே இல்லை.

"நாய்க்கு டோப்பா வாங்க வரவன் நெத்திலி வாங்குவானா?" என்று கேட்டாள் காந்தா. "பக்கத்து ஊரு திருப்பாலைவனத்துல நெல்லு போடறவன் நம்ம கருவாட்டைத் தின்னுட்டு, நல்லா கீது, அங்க வாங்குனு நாலு பேருக்குச் சொன்னா அது கை காட்றது. தின்னாதவன் அஞ்சாயிரம் பேரு காட்டினா அது இன்னா?"

ஹேமந்த் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்குப் போனார். சாக்குகளைத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று அவசரமாக டிக்கியைத் திறந்து கையை விட்டார். கட்டு அவிழ்ந்திருந்த சாக்கிலிருந்து ஒரு நண்டு அவருடைய சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. அல்காரிதம் அம்மன் அருள் பாலித்துவிட்டாள். சித்தர் போட்ட கூச்சலில் நெற்றிப் பட்டை வியர்வையோடு வழிந்து மூக்குக்கு வந்தது. வாங்கினதை எல்லாம் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் காரை விட்டார்கள்.

நாலு மணிக்கு ஆரம்பாக்கத்து வியாபாரி வந்தபோது எஞ்சின் படகில் இருந்தது, படகு ஏரியில் இருந்தது. தருமன் திரும்பியே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பாராட்டியே முடித்திருப்பேன். சாயங்காலம் காந்தா வீட்டு வாசலில் சலசலப்பு. வெளியே வந்து பார்த்தால் சுப்பராயலு, கையில் கற்பூரத் தட்டோடு. பின்னால் பாதி ஊர்.

"அம்மா, உனக்குதான் நெஜமான சக்தி கீது. இனிமே எங்க சைட்டை எல்லாம் நீதான் பாத்துக்கணும்."

காந்தா குனிந்து கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"நான் சக்தியால கேக்கல மாமா, வாயால கேட்டேன். கேள்வி கேக்கறதுக்கு டவர் வேணுமா, சார்ஜ் வேணுமா? வூட்டுக்குப் போயி ஆளுக்கு ஒண்ணு யோசிச்சுக் கேட்டுப் பாருங்க. மொதக் கேள்வி என்னையே கேளுங்க, உனக்கு இன்னா சக்தி கீதுன்னு."