கீழ்வயல் உப்பும் இரண்டு சர்க்காரும்

குத்துக்கல்வலசை,
விபவ வருஷம் ஆடி மாதம் 5

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை சிவசைலம் பிள்ளை அவர்களுக்கும், என் தங்கை சௌபாக்கியவதி இராமலட்சுமிக்கும் குத்தாலிங்கம் மிகுந்த பிரியத்துடன் எழுதிக்கொண்டது. திருக்குற்றாலநாதர் கிருபையால் இவ்விடம் நானும் இராமலட்சுமியின் மதினி பிச்சம்மாளும் மாடுகளும் சுகம். கிணறும் இப்போது சுகம். திருவேங்கடத்தில் நீங்களும் குழந்தைகளும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் கள்ள உப்புக் காய்ச்சிப் பிடிபட்டு, அதிகாரிகள் என்னைத் தெருவழியே நடத்திக்கொண்டு போனதைப் புளியங்குடி எலுமிச்சம்பழ வியாபாரி ஒருவர் கண்ணால் கண்டதாகச் சொன்னார் என்றும், அதைக் கேட்டதிலிருந்து இராமலட்சுமி அடுப்பு மூட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் அவளை அடுப்பு மூட்டச் சொல்லுங்கள். நான் அதிகாரிகளோடு தெருவில் நடந்தது வாஸ்தவம். ஆனால் போனது ஜெயிலுக்கு அல்ல, என் வீட்டுக் கிணற்றடிக்கு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சிற்றாற்றங்கரையில் இருக்கும் நம் கீழ்வயலை நீங்கள் அறிவீர்கள். உங்கள் கல்யாணச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்த வயல். சில வருஷமாக வடிகால் தூர்ந்து, தண்ணீர் தேங்கி, வெயில் காலம் வந்தால் சுண்ணாம்பைத் தெளித்தது போல மண்மேல் உப்புப் பூத்துவிடுகிறது. நாற்று நட்டால் நுனி கருகி நிற்கும். போன வருஷம் மாட்டுக்கு வைக்கோல்கூட மிஞ்சவில்லை. "இதைக் கட்டி அழாம வித்துத் தொலைங்க" என்றாள் பிச்சம்மாள். வாங்க வந்தவரோ வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, துஷ்டி வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர் போல என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுப் பாசன நிலங்களில் உப்பைக் குறைக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்கிறது என்று நாறும்பூநாதன் என்கிற விவசாய டிமான்ஸ்டிரேட்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. வயலில் இறங்கியதும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம், "நீங்களும் ஒரு சிட்டிகை பாருங்க அண்ணாச்சி, கரிக்குதா துவர்க்குதான்னு சொல்லுங்க" என்றார். சர்க்கார் சொல்லும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தின்றேன். கரித்தது. மேலே பூத்ததை எல்லாம் சுரண்டி எடுத்துவிடச் சொன்னார். ஆற்றில் தள்ளக்கூடாதாம், கோடைத் தண்ணீரில் கீழே இருப்பவர்களுக்குக் கெடுதலாம். வரப்பிலும் போடக்கூடாதாம், மழை பெய்தால் வயலுக்கே திரும்பிவிடுமாம். ஆகையால் மேலிடத்து உத்தரவு வரும்வரை ஒரு கூரைக்கடியில் பத்திரமாக வைக்கச் சொன்னார். நம் வயலைப் பார்க்கிற நல்லகண்ணு, "ஏ அய்யா, சொரண்டுத சொரண்டுல வயலு குளமாப் போயிரும் போலிருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினான். வண்டி வண்டியாக அந்த மண் வந்து நம் வண்டிக் கொட்டகையை அடைத்துக்கொண்டது. தெரு மாடுகளுக்கெல்லாம் சமாசாரம் தெரிந்து, காலையில் அவிழ்த்துவிட்டதும் நேரே நம் வீட்டுக்கு வந்து நக்க ஆரம்பித்தன.

மாட்டுக்குத் தெரிந்தது உப்பு இலாகாவுக்குத் தெரியாமல் இருக்குமா? பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், நாறும்பூநாதன் வந்து உட்கார்ந்திருக்கும்போதே, உப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் சேவகரோடு வந்துவிட்டார். கொட்டகையைப் பார்த்தார். "இவ்வளவு உப்பு மண் வச்சிருக்கிறது குத்தம்னு தெரியுமாவே? உடனே தண்ணியில கரைச்சு நிலத்துல கொட்டணும்" என்றார். "நிலத்துல இருந்துதான சார் எடுத்திருக்கு! அங்கனயே கொட்டவா நான் சைக்கிள் மிதிச்சு வாரேன்?" என்று நாறும்பூநாதன் குதித்தார். அவர் ஒரு சட்டம் சொல்ல, இவர் ஒரு உத்தரவு சொல்ல, இரண்டு பக்கமும் சர்க்காராக இருப்பதால் நான் இருவருக்குமே தலையை ஆட்டினேன். வெயிலோ கொளுத்துகிறது. சாப்பாட்டு நேரம் வேறு. இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தேன்.

இங்கேதான் பிச்சம்மாள் புகுந்தாள். உப்பு வைத்திருப்பது குற்றம் என்கிற மட்டும் அடுக்களைக்குள் கேட்டிருக்கிறது. மிச்சம் கேட்கவில்லை. சாம்பாரில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆச்சி, இதுல உப்பே இல்லையே. கொஞ்சம் கொண்டாங்க" என்றார்.

"உப்பா?" என்றாள் பிச்சம்மாள். "அந்தச் சாமானே எங்க வீட்டுல கிடையாதுய்யா."

"சமையலுக்குக்கூடவா?"

"பரம்பரையாவே கிடையாது. நாங்க தொடுததில்ல."

அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கொட்டகை நிறைய உப்பு மண், அடுக்களையில் கடை உப்பு இல்லை என்றால், அந்த மண்ணைக் காய்ச்சித்தான் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? கை கழுவியதும் குவியலுக்கு அரக்கு முத்திரை வைத்து, சேவகரைக் காவலுக்கு நிறுத்தி, கேஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். சேவகரோ மாடுகளைத் தடுக்கத் தனக்கு உத்தரவில்லை என்று பாயை விரித்துப் படுத்துவிட்டார். வாயலம்பக் கிணற்றடிக்குப் போன நாறும்பூநாதன் வெளிறிப் போய்த் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, ஊத்துலயே உப்பு ஏறிட்டு!" என்றவர், ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீரை அடைத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார். அன்றிலிருந்து தெருவில் யாரும் நம் கிணற்றில் இறைக்கவில்லை. என் வயல் உப்புத்தான் ஊர்க் கிணறுகளுக்குள் பரவப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பக்கம் கேஸ், ஒரு பக்கம் கிணறு. எனக்கு இரண்டு கவளம் சோறு உள்ளே இறங்கவில்லை, மாப்பிள்ளை.

சித்திரையில், குப்பித் தண்ணீர்ச் சமாசாரம் எட்டி, குற்றாலம் பங்களாவில் தங்கியிருந்த பெரிய துரை ஒருவரே கிணற்றைப் பார்க்க வந்தார். ஊர் எல்லையில் மாலையோடு நின்ற என்னை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் அதிகாரிகளாகத் தெருவழியே கிணற்றடிக்கு நடந்தோம். உங்கள் வியாபாரி பார்த்தது அதைத்தான். மாலையைப் பற்றி அவர் ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். கோடைக் கிணறு, தண்ணீர் அடியில் கிடந்தது. நல்லகண்ணு வாளியைத் தரைதட்ட விட்டு இழுத்தான். துரை குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் ஒரு உப்பு எலுமிச்சங்காய் கிடந்தது. அதை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பிடித்து, இது என்ன என்கிற மாதிரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

பிச்சம்மாள் தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "தொரைக்கு எடுத்துச் சொல்லுங்க. எங்க வீட்டு அவுகளைப் பிடிச்சிட்டுப் போயிருவாகளோன்னு பயந்து, பானை உப்பைக் கிணத்துல கொட்டுனது நாந்தான். ஊறுகாயிலயும் உப்பு இருக்கேன்னு அதையும் கொட்டுனேன். பிடிக்கதா இருந்தா என்னையப் பிடிங்க" என்றாள். கூட்டத்துக்கு எதிரே அவள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. நாறும்பூநாதன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரை முதலில் கர்சீப்பால் வாயை மூடினார். பிறகு கர்சீப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் சப்-இன்ஸ்பெக்டரும் சிரித்தாக வேண்டியிருந்தது. கேஸ் அங்கேயே முடிந்தது.

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தோம். கரையோரத்து வயல்காரர்கள் எல்லோரும் கூடி, சர்க்கார் அளந்து கொடுத்தபடி வைகாசியில் வடிகால் வெட்டினோம். ஆனியில் சாரல் கட்டியது. ஆறு நிறைந்து ஓடும்போது வடிகாலைத் திறந்தால் கீழே யாருக்கும் கரிக்காது என்று துரை சொல்லியிருந்தார். அப்படியே தண்ணீரை ஏற்றி ஏற்றி வடித்து, மாடுகள் நக்கி மிச்சம் வைத்த குவியலையும் சப்-இன்ஸ்பெக்டர் முன்னாலேயே வெள்ளத்தில் கரைத்து, கொழிஞ்சித் தழையை உரமாகப் போட்டு மிதித்து நட்டோம். இப்போது கீழ்வயல் முழுக்கப் பச்சை. நேற்றுச் சாரலில் நனைந்துகொண்டே வரப்பில் நெடுநேரம் நின்றேன். பிச்சம்மாளும் வந்து பார்த்தாள். "விக்கணும்னு இனிமே யாராவது பேசுனா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றாள். விற்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே கவலையை விட்டுவிட்டு, எல்லோரும் உடனே புறப்பட்டு வாருங்கள். ஐந்தருவியில் தண்ணீர் அப்படிக் கொட்டுகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. அதிகாரி என்று ஒருவர் இனி நம் வாசலை மிதிக்க வேண்டிய காரியம் இல்லை. மேல் அறை இரண்டையும் உங்களுக்காகக் கழுவி வைத்திருக்கிறோம். இராமலட்சுமிக்கும் குழந்தைகளுக்கும் நாங்கள் இருவரும் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும்
குத்தாலிங்கம்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போகும்போது நாறும்பூநாதன் எதிரே வந்தார். நம் கீழ்வயலை மாதிரிப் பண்ணையாகச் சர்க்கார் தேர்ந்தெடுத்துவிட்டதாம். அருவிக்கு வரும் ஜில்லா அதிகாரிகள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து வயலைப் பார்த்து, நம் வீட்டில் சாப்பிட்டுத் தங்கிப் போவார்களாம். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், முதல் கூட்டம் மேல் அறைகளில் பெட்டியை இறக்கியாயிற்று. ஆகையால் நீங்கள் இப்போது புறப்பட வேண்டாம். மாசியில் வாருங்கள். அருவியில் தண்ணீர் இருக்காது. வீட்டில் இடம் இருக்கும்.