போணி நைனாவின் எத்தனால் பம்ப்

வாங்க வந்த ஆளை "இப்ப வேணாம், அப்பால வா" என்று திருப்பி அனுப்பிவிட்டு, அதே ஆளைத் தேடி ரோடு ரோடாக அலைந்த பெட்ரோல் பங்க் முதலாளி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் போணி நைனா. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஏனென்றால் அவர் அலைந்தது என்னுடைய ஸ்கூட்டரில்.

கடப்பாக்கத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் பக்கமாக அவருடைய பங்க். எனக்கு அப்போது செய்யூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் உத்தியோகம், கடப்பாக்கத்தில் வாடகை வீடு. கைப்பை மாட்டிய பெண்கள் எல்லோரும் நைனாவுக்கு டீச்சர்தான். "நான் டீச்சர் இல்லைங்க, கிளார்க்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "சரி டீச்சர்" என்பார்.

அவரை முதன்முதலில் பார்த்த அன்றே சண்டை. காலையில் பங்க் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று, செல்போனை நீட்டினேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, அறுபது வயது தாண்டிய ஒரு மனிதர் கண்ணாடி அறையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர், போணி டைம்ல செல்லக் காட்டினு நிக்கிற? டப்பு கைக்கு வரணும், கண்ணுல ஒத்திக்கணும். செல்ல எங்க ஒத்திக்கிறது?"

"எங்கிட்ட பணம் இல்லைங்க. ஆபீசுக்கு நேரமாச்சு."

"அப்டி ஓரமா நில்லு. வேற யாருனா வந்து போணி பண்ணட்டும், அப்பால உனக்குப் போடச் சொல்றேன்."

மீன் ஏற்றிய வேன் ஒன்று வந்து, அந்த டிரைவர் நோட்டை நீட்டும்வரை நான் ஓரமாக நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? கத்தினேன். அவர் அசையவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயைக் குடித்துக்கொண்டே திட்டினேன். அன்றைக்கு ஆபீசில் எனக்கு லேட் மார்க்.

கடன் சொன்னால் போணி கிடையாது. சில்லறை கேட்டால் கிடையாது. தும்மிக்கொண்டே வந்தால் கிடையாது. ராகு காலத்தில் எந்தப் புதுக் காரியமும் கிடையவே கிடையாது. பங்குக்குப் புது விளக்குமாறு வந்தால்கூட ராகு காலம் முடிந்துதான் தரையில் படும். ஒருமுறை ஜீப்பில் வந்த ஒரு அதிகாரி விடிந்ததும் விடியாததுமாகக் கடன் கேட்க, அந்த ஜீப்பைத் தானே பின்னாலிருந்து தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டவர் இவர். இத்தனைக்கும் மரியாதையாக, "பாத்துப் போங்க சார்" என்றுகூடச் சொன்னாராம்.

இந்த நேரத்தில்தான் சாலையை அகலப்படுத்தி நடுவில் சுவர் வைத்தார்கள். புதுச்சேரிப் பக்கம் போகிற வண்டி ஒன்றும் இந்தப் பக்கம் திரும்ப முடியாமல் போயிற்று. வியாபாரம் பாதியாக விழுந்துவிட்டது. ரிசார்ட் கட்ட இடம் கேட்டு ஆட்கள் வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தார்கள். பங்கில் வேலை பார்த்த நான்கு பெண்களும் ஒவ்வொரு புதுக் காரையும் பயத்தோடு பார்ப்பார்கள். அவர்களுக்குத் தலைவி மல்லிகா. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள்.

நைனா மட்டும் கலங்கவில்லை. எண்ணெய்க் கம்பெனியில் ஒரு திட்டம் வந்திருந்தது. எத்தனால் விற்க முன்வருகிற பங்குக்குக் கம்பெனியே தன் செலவில் டேங்கும் பம்பும் வைத்துத் தரும். லிட்டருக்குக் கமிஷன் அதிகம். அதற்கு மேல் ஊக்கத்தொகை வேறு. சுற்று வட்டாரத்தில் யாரும் கை தூக்கவில்லை. இவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"கரும்புல, சோளத்துல எடுக்கிறது டீச்சர். இனிமே வர்ற வண்டியெல்லாம் இதுலதான் ஓடும். அந்த ஊக்கத்தொகை வந்துச்சுன்னா பங்க்கு நிக்கும். பங்க்கு நின்னா பொண்ணுங்க வேலை நிக்கும்."

"எத்தனால்ல ஓடுற வண்டி இந்த ரோட்டுல எங்க இருக்கு நைனா?"

"வந்துகினே கீது" என்றார், மாமல்லபுரம் வரைக்கும் வந்துவிட்டது போல.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கொடுத்த கெடுவுக்குள் விற்பனை தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்பைக் கழற்றி, வண்டிகள் ஓயாமல் போகிற ஜிஎஸ்டி ரோட்டில் வேறு பங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஊக்கத்தொகையும் கூடவே போய்விடும். கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, விற்காத பம்பை எத்தனை நாள் வைத்துக் கும்பிடுவது?

ஆனால் நைனா கும்பிடத்தான் செய்தார். பம்புக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய். பூஜை முடிந்து நான்கு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வண்டிக்கு அடியில் வைப்பது என்று தெரியாமல் மல்லிகா விழித்தாள். வந்த கூட்டம் கேசரியையும் வடையையும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துப் பம்பில் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஒருவர் மட்டும் புதுப் பம்பை மோந்து பார்த்து, "இது குடிக்கிறதா நைனா?" என்று ஆசையாகக் கேட்டார். "வண்டி குடிக்கும், நீ குடிச்சா கண்ணு பூடும், ஓடு" என்று விரட்டினார்.

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் நைனா பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்ப்பார். எத்தனால் போடலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுவார். புது மாப்பிள்ளை, பெண்ணின் வண்டியைக்கூட விடவில்லை. மாப்பிள்ளைக்கு வண்டி கொடுத்த மாமனாருக்கே போன் போட்டு, "வாங்குறதுதான் வாங்குன, எத்தனால் வண்டியா வாங்கக் கூடாதா மச்சான்?" என்று கேட்ட மனிதர் இவர். என்னையும் பேஜாரு பண்ணினார். "உங்க ஆபீசுக்கு வர்றவன்கிட்டல்லாம் சொல்லு டீச்சர்" என்பார். கையெழுத்து வாங்க வருகிறவனிடம் நான் வண்டி விற்பதா?

கெடு முடிய நான்கே நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, அந்த அதிசயம் நடந்தது. நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். பளபளவென்று ஒரு பச்சை மோட்டார் சைக்கிள் நேராக எத்தனால் பம்புக்கு முன்னால் போய் நின்றது. ஓட்டி வந்தவர் குடுமியும் பட்டை விபூதியுமாக ஓர் இளம் குருக்கள்.

"மச்சினர் ஷோரூம்ல வேலை பாக்கறார். எத்தனால்லயும் ஓடும்னு தலையில கட்டிட்டார். வாங்கின நாளா பெட்ரோல்தான் போடறேன். இன்னிக்குத்தான் உங்க போர்டைப் பார்த்தேன். போடுங்கோ!"

மல்லிகா ஓடிப் போய்ப் பம்ப் குழாயைக் கையில் எடுத்துவிட்டாள். நைனா உள்ளேயிருந்து ஓடி வந்தார். சந்தோஷத்தில் ஓடி வருகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"நிறுத்து! மணி ஏழே முக்கால். ராகு காலம். ஒம்போது மணிக்கு மேலதான் இந்தப் பம்புக்குப் போணி."

குருக்கள் சிரித்தார். "சார், நான் ஊருக்கே நாள் குறிச்சுக் குடுக்கறவன். நானே சொல்றேன், தோஷமில்லை, போடுங்கோ."

"அது உங்க கோயில்ல சொல்லுங்க சாமி. இது என் பங்க்கு. உக்காருங்க, நாஸ்தா சொல்றேன்."

"எனக்கு நேரமாச்சு ஐயா!"

"எங்க போனாலும் எத்தனாலு இங்கதான். நீங்களே திரும்பி வருவீங்க."

குருக்கள் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். பேர் தெரியாது, ஊர் தெரியாது, போன் நம்பர் கிடையாது. மல்லிகா குழாயை மாட்டிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய் அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் நைனாவை வாய்க்கு வந்தபடி கேட்டேன். "வருவாரு டீச்சர்" என்றார். செவ்வாய் வரவில்லை. புதன், வியாழன் வரவில்லை. வியாழன் சாயங்காலம் கம்பெனி ஆபீசர் போன் செய்தார்: மறுநாள் லாரியோடு வருகிறார்.

"நாமளே ரெண்டு லிட்டர் புடிச்சுக் கணக்குக் காட்டிடலாம் நைனா" என்றாள் மல்லிகா.

"தன் கடையில தானே போணி பண்றவன் உருப்படுவானா?" என்று சீறினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். நான் ஆபீசுக்குப் போகிற வழியில் பங்கில் நின்றிருந்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வந்த பந்தல்காரர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "பச்ச வண்டி சாமியா? பரமன்கேணில கிரகப்பிரவேசம் பண்ணிகினு கீறாரு, பந்தல் நம்மளுதுதான்" என்றார். நைனா என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். "ஓட்டு டீச்சர்!" என்னிடம் வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. போனிலேயே லீவு சொன்னேன்.

பரமன்கேணியில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத வீட்டில் நாங்கள் இருவரும் கண்ணெரியப் புகையில் உட்கார்ந்தோம். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பூர்ணாஹுதி முடிந்த மறு நிமிடம் நைனா குருக்களின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, வாங்க, எத்தனாலு போடலாம்."

"ஐயய்யோ! காலம்பரதானே டேங்க் வழிய பெட்ரோல் போட்டேன். ஒரு சொட்டுக்கு இடம் இல்லையே!"

நைனா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த வீட்டிலேயே ஒரு கேனும் ரப்பர் ட்யூபும் வாங்கிக்கொண்டு, வண்டியைச் சவுக்கு மரத்தடிக்குத் தள்ளினார். "கேனில் பெட்ரோல் தரமாட்டோம்" என்று பங்கில் போர்டு வைத்து, கேனோடு வருகிறவனையெல்லாம் விரட்டுகிற மனிதர், ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சினார். ஒரு வாய் பெட்ரோல் உள்ளே போயிற்று. துப்பினார், இருமினார். "எவன் பங்க்கு சாமி? நல்லாத்தான் போட்டுக்கீறான்" என்றார். பாதி டேங்க் காலியானதும் குருக்களுக்கு நோட்டை எடுத்து நீட்டினார். குருக்கள் அதைக் கண்ணில் ஒத்திக்கொண்டு, "பெட்ரோல் வியாபாரத்துல எனக்கு இதான் போணி" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நைனா சிரிக்கவில்லை.

குருக்கள் தன் வண்டியில் பின்னாலேயே வர, திரும்பி வந்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் பங்க், நடுவில் சுவர். லாரி நின்றிருந்தது. இரண்டு பேர் பம்புக்கு அடியில் ஸ்பானரோடு உட்கார்ந்து போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார்கள். திருப்பம் இன்னும் தூரம் இருந்தது.

"நிறுத்து டீச்சர்!" என்று இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, அந்தச் சுவரை ஏறிக் குதித்து, "கையை எடுங்கடா! ஆளு வந்துகினு கீறாரு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். வண்டிகளெல்லாம் பிரேக் போட்டு ஹாரன் அடித்தன. நானும் குருக்களும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

ஆபீசர் நல்ல பையன். "ஒரு லிட்டர் வித்தாலும் போதும் சார். மீட்டர்ல ரீடிங் ஏறினா நான் லாரியைத் திருப்பி அனுப்பிடறேன். ஆனா லாரிக்காரங்க வேற வேலையா பன்னண்டுக்குள்ள மரக்காணம் போகணும், இப்பவே போடுங்க" என்றார்.

குருக்கள் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "மணி பதினொண்ணு. வெள்ளிக்கிழமை. பத்தரையிலேர்ந்து பன்னண்டு ராகு காலம். ஞாபகம் இருக்கோல்லியோ?"

நைனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பெண்களும் நீலச் சட்டையில் வரிசையாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"மல்லிகா, போடு."

"நைனா, ராகு காலம்…"

"ராகுவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உன் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? போடுன்றேன்ல!"

மல்லிகா குழாயை எடுத்தாள். மீட்டரில் இத்தனை நாள் அசையாமல் நின்றிருந்த பூஜ்யம் நகர்ந்தது. குருக்கள் நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். நைனா அதை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டு, அப்படியே நெடுநேரம் நின்றார். லாரிக்காரர்களே போல்ட்டைத் திரும்ப முடுக்கிக் கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "பயந்துட்டேன் டீச்சர். திங்கக்கெழமையிலேர்ந்து தூக்கமே இல்ல."

பம்ப் நின்றது, ஊக்கத்தொகையும் வந்தது, ரிசார்ட்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். இப்போது மாதத்துக்கு மாதம் எத்தனால் வண்டிகள் கூடுகின்றனவாம். ராகு காலம், போணி எல்லாம் விட்டுவிட்டாரா? மறுநாள் காலையிலேயே, நோட்டைக் கொண்டுவராத குற்றத்துக்காக என்னை ஓரமாக நிற்கவைத்தார்.

நான் மாற்றலாகிக் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட்டேன். மகன் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். அதற்குப் பெட்ரோலும் வேண்டாம், எத்தனாலும் வேண்டாம். மகள் வீட்டுக்குப் புதுச்சேரி போய்த் திரும்பும்போது ஜிஎஸ்டி ரோடுதான் சீக்கிரம் என்பான் அவன். நான் கடற்கரைச் சாலையாகத்தான் போக வேண்டும் என்று அடம் பிடிப்பேன். நைனாவின் பங்க் வந்ததும் காற்றுப் பிடிக்க வண்டியை நிறுத்தச் சொல்வேன். மல்லிகா நான்கு டயரையும் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா கீதுக்கா" என்பாள்.

"பரவாயில்லை, இன்னொரு தடவை பாரு" என்பேன், நைனா கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வருகிறவரைக்கும்.