சாய்வு நாற்காலி கொலை வழக்கு

இந்த வாரம் என் மனைவி சொல்வதற்கு முன்னால் நான் கொலைகாரனைக் கண்டுபிடித்தே தீருவது என்று பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரையோடு எடுத்த சபதம் என்பதால் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

எங்கள் வீட்டில் புதன்கிழமைதோறும் ஒரு கொலை நடக்கும். டிவியில்தான், பயப்படாதீர்கள். துப்பறியும் தொடர். என்னைக் கேட்டால் சுத்த வழவழா. அந்தத் துப்பறிவாளர் குடையை மடிக்கவே பாதி எபிசோடு போய்விடும். மீதிப் பாதியில் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். கடைசியில் திடீரென்று அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். என் மனைவிக்கோ முதல் விளம்பரத்துக்குள் தெரிந்துவிடும். "அந்த நர்ஸ்தான்" என்பாள். நர்ஸாகவே இருக்கும். "சித்தப்பாதான்" என்பாள். சித்தப்பாவுக்கு விலங்கு மாட்டுவார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த மூளையைப் பற்றி நானே ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஊருக்கே பார்வை கொடுக்கிறவன். இதுவரை நான் சொன்ன ஆள் ஒருத்தர்கூடக் கொலை செய்ததில்லை. சில சமயம் நான் சொன்ன ஆளே செத்துப்போவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் போன வாரம் அவள் என் சாய்வு நாற்காலியில் கை வைத்தாள்.

"என்னங்க, இது ஆடுது, கிறீச்சுங்குது, பாதி ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்குது. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடப் போறேன்."

"அய்யய்யோ! அது இல்லாட்டி என் முதுகு என்னம்மா ஆகும்?"

"நிமிரும்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருக்கிற நாற்காலி அது. என் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி குழிந்திருக்கும். இந்த வீட்டில் நான் சொன்னபடி சாய்கிற ஒரே ஜீவன். அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வேகத்தில் வாயை விட்டேன்.

"பந்தயம்! அடுத்த புதன்கிழமை கொலைகாரன் யாருன்னு நான் முதல்ல சொல்லிட்டா, நாற்காலி பக்கமே நீ வரக்கூடாது."

"சொல்லலேன்னா?"

"தூக்கிப் போட்டுக்கோ."

"சரி" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் கடை கேஷியர் ஒரு ரகசியம் சொன்னார். ராத்திரி டிவியில் வருகிற எபிசோடு, சந்தா கட்டியவர்களுக்குக் காலையிலேயே போனில் வந்துவிடுமாம். புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பின்னால் பதுங்கி முழுசாகப் பார்த்தேன். கொலைகாரன், பியானோ ரிப்பேர் செய்ய வந்தவன்! சத்தியமாக ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது.

ராத்திரி நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்தேன். டிவியில் ஒரு பணக்கார அம்மாள் வீட்டில் விருந்து. பியானோக்காரன் ஒரு ஓரமாக வந்து நின்றான்.

"அவன்தான்!" என்றேன்.

"அதுக்குள்ளயா? எப்படிங்க?"

"விரலைப் பாரு. கொலைகார விரல்."

முடிவில் பியானோக்காரனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. நான் நாற்காலியைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"கொஞ்சம் உட்காருங்க" என்றாள். டிவியை அணைத்தாள். "உங்களுக்கு ரத்தம்னா ஆகாது. எப்பவும் கத்தி குத்தினப்புறம்தான் 'அய்யோ'ன்னு கண்ணை மூடுவீங்க. இன்னைக்கு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே பூங்கொத்து வாங்கும்போதே இறுக்கி மூடிட்டீங்க. அப்போ கத்தியே வரலை. மியூசிக்கூட மாறலை. எப்படி?"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. "மத்தியானம்... போன்ல..."

"ஏமாத்தினீங்க!"

தலை குனிந்தேன். குனிந்த தலையில் திடீரென்று ஒரு பொறி தட்டியது.

"இரு, இரு. நான் கண்ணை மூடினதை நீ எப்படிப் பார்த்தே? டிவியைத்தானே பார்த்திருக்கணும்? கரெக்டா கத்தி வர்ற நேரத்துல என் மூஞ்சியைப் பார்த்திருக்கே. அப்போ, கத்தி வரப் போகுதுன்னு உனக்கும் தெரியும்!"

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் துப்பறிந்துவிட்டேன். அவள் முகம் வெளிறியது.

"ஸ்கூல்ல... கிளாஸ் இல்லாத நேரத்துல... போன்ல..."

"எல்லா வாரமுமா? அந்த நர்ஸு? சித்தப்பா?"

மெதுவாகத் தலையாட்டினாள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்த மூளையை நம்பி எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்!

"தப்புதாங்க. ரெண்டு பேருமே ஏமாத்தியிருக்கோம்" என்றாள், பூனைக்குட்டி மாதிரி. "அப்போ பந்தயம் செல்லாதுங்கிறீங்களா?"

"செல்லவே செல்லாது!"

"நிச்சயமாவா?"

"இந்தப் பந்தயமே நடக்கலேன்னு வெச்சுக்கோ!" என்று மேஜையைத் தட்டினேன்.

"வெச்சுக்கிட்டேன். பந்தயத்துக்கு முன்னாடி நான் என்னங்க சொல்லியிருந்தேன்?"

மறுநாள் பழைய சாமான்காரர் வந்தார். அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் என் நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த புதன்கிழமை தரையில் உட்கார்ந்து தொடர் பார்த்தேன். முதல் விளம்பரத்துக்குள் அவள், "அந்தத் தோட்டக்காரன்தான்" என்றாள்.

"அடேயப்பா, எப்படிம்மா கண்டுபிடிச்சே!" என்று நானும் வழக்கம்போல ஆச்சரியப்பட்டேன்.